குடியை விட்டவர் எங்கே போய் இருப்பது? லண்டன் மீட்புக் கூட்டங்கள் பற்றி எமது குடும்பங்களுக்கு

குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய பின் நிறுத்தியபடியே இருப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு லண்டனில் வைத்தியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, கவுன்சில் செலவில் இயங்கும் நிலையங்கள் இருக்கின்றன. இரண்டாவது வேலைக்கு ஆட்கள் வேண்டும். தாங்களும் குடித்து, தாங்களும் நிறுத்தி, கிழமைக்கு ஒரு தடவையாவது ஒன்றாக இருந்து கதைக்கும் ஆட்கள். இந்த இரண்டாவது வேலையில்தான் எம்மவர் பலர் தனித்துப் போகிறார்கள்.

காரணம் எமக்குத் தெரியாதது அல்ல. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், கிரிக்கெட் போட்டி என்று எதை எடுத்தாலும் ஆண்கள் கூடும் இடத்தில் போத்தல் இருக்கும். மண்டபத்துக்குள் குடிக்கக் கூடாது என்றால், வெளியே கார்த் தரிப்பிடத்தில் ஒரு காரின் பின்கதவு திறந்திருக்கும். குடியை விட்ட மனிதர் அங்கே போய் நின்றால் "ஒரு கிளாஸ் என்ன செய்யும் மச்சான்" என்பார்கள். போகாமல் விட்டால் பழகுவதற்கு வேறு ஆட்கள் இல்லை. ஊரையும் உறவையும் ஒரு தடவை இழந்து வந்தவருக்கு, இருக்கிற நண்பர் வட்டத்தையும் விட்டுவிடச் சொல்வது சின்ன விடயம் அல்ல.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே லண்டன் முழுவதும் கூட்டங்கள் நடக்கின்றன. அவை என்ன, எப்படி இயங்குகின்றன, எமது மக்கள் அவற்றை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் 'நாம்' என்று எழுதுவது குடித்து நிறுத்தியவர்களையும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களையும் சேர்த்துத்தான். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. இந்தக் கூட்டங்களின் வழக்கமும் அப்படித்தான்.

தொடக்கம்: அந்நிய ஊரில் ஒரு தொலைபேசி அழைப்பு

அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன். மற்றவர் அக்ரனில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த டொக்டர் பொப் ஸ்மித்.

வில்சன் சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தார். வியாபார அலுவல் ஒன்றுக்காக அக்ரன் போனார், அது தோல்வியில் முடிந்தது. தெரிந்தவர் எவரும் இல்லாத ஊரில், விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றபோது, ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும். அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப்போலக் குடியால் அவதிப்படும் இன்னொருவரோடு கதைக்க வேண்டும் என்று கேட்டார். அப்படி ஒருவர் மூலம் ஒருவராகத் தேடிச் சென்று சந்தித்தவர்தான் டொக்டர் ஸ்மித். கால் மணித்தியாலம்தான் இருப்பேன் என்று வந்த ஸ்மித், பல மணித்தியாலம் இருந்து கதைத்தார். புத்தி சொல்லாமல், தன் குடியின் கதையைத் தானே சொல்லும் ஒருவரை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

ஆனால் சில கிழமைகளின் பின் ஸ்மித் ஒரு வைத்திய மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிற்றிக்குப் பயணம் போனார். பயணத்தில் மீண்டும் குடித்தார். திரும்பி வந்து 1935 ஜூன் 10 அன்று கடைசிக் கிளாஸைக் குடித்தார் என்பது ஏ.ஏ.யின் வரலாறு. அந்த நாளையே அவர்கள் தமது பிறந்தநாளாகக் கொள்கிறார்கள்.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர் மாறி நிற்கும்போது குடி தேடி வரும், ஊர் மாறி நிற்கும்போதும் ஒரு துணையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்ற இரண்டு அனுபவங்களும் அதில் இருக்கின்றன. புலம்பெயர்ந்தவருக்கு இரண்டுமே நன்றாகப் புரியும்.

1939 இல் அவர்களின் நூல் வெளிவந்தது. லண்டனில் முதல் கூட்டம் 1947 மார்ச் மாத இறுதியில் டோசெஸ்டர் ஹொட்டேலில் நடந்தது. இந்தியாவில் 1957 இல் பம்பாயில் தொடங்கிப் பின்னர் தமிழ்நாட்டுக்கும் பரவியது. இன்று சுமார் 180 நாடுகளில் தமது குழுக்கள் இருப்பதாக ஏ.ஏ. கூறுகிறது. லண்டனில் மட்டும் கிழமைக்கு நூற்றுக்கணக்கான கூட்டங்கள் நடக்கின்றன. காலை ஏழு மணிக்கும் உண்டு, மதிய இடைவேளையிலும் உண்டு, இரவிலும் உண்டு. நத்தார் தினத்திலும் உண்டு.

கூட்டத்தில் என்ன நடக்கும்

ஒரு மணித்தியாலம் அல்லது ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். வட்டமாகவோ வரிசையாகவோ கதிரைகள் இருக்கும். தேநீரும் பிஸ்கட்டும் இருக்கும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். இன்னொருவர் தன் கதையைச் சொல்வார்: எப்படிக் குடித்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். அதன்பின் விரும்பியவர்கள் சில நிமிடங்கள் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்ததும் விமர்சிப்பதும் இல்லை. முதற்பெயர் மட்டும் போதும். பேச விருப்பம் இல்லாவிட்டால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம். எவரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. 'திறந்த' கூட்டத்துக்கு மனைவி, பிள்ளை, நண்பர், மாணவர் யாரும் வரலாம். 'மூடிய' கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். பெண்களுக்கென்று தனியான கூட்டங்களும் நடக்கின்றன. குடிக்கும் பழக்கம் எமது பெண்களிடம் இல்லை என்று சொல்லிக்கொள்வது எமது வழமை. அதனாலேயே அந்தப் பெண்கள் ஆண்களை விட அதிகம் ஒளித்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்தத் தகவல் முக்கியம்.

அங்கத்தவராவதற்கு ஒரேயொரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். விண்ணப்பம் இல்லை, பதிவேடு இல்லை, விலாசம் கேட்பதில்லை. உள்நாட்டு அமைச்சுக்கு முன்னால் எத்தனையோ தடவை பெயரையும் பிறந்த திகதியையும் வந்த வழியையும் சொல்லி, அத்தாட்சி காட்டி, நம்புங்கள் என்று கேட்டு நின்ற மக்கள் நாம். எந்தப் பத்திரமும் கேட்காமல் "வாருங்கள், இருங்கள்" என்று சொல்லும் ஓர் அறை இந்த நகரத்தில் இருக்கிறது என்பது பலருக்கு முதலில் நம்ப முடியாததாகவே இருக்கும்.

கூட்டத்துக்கு வெளியே இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, பன்னிரண்டு படிகள் என்ற வேலைத்திட்டம். குடியின் முன் தன் பலம் போதவில்லை என்று ஒத்துக்கொள்வதில் தொடங்கி, தன்னைப் பற்றி ஒளிவுமறைவற்ற இருப்புக் கணக்கெடுப்பு ஒன்றைச் செய்து, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் போய் இயன்றவரை சரிசெய்து, பின் இன்னொருவருக்கு உதவுவதில் முடிகிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது: சரக்கு எண்ணிப் பார்ப்பது, கடனை ஒத்துக்கொள்வது, தவணை தவணையாகக் கட்டுவது. மற்றது 'ஸ்பொன்சர்' என்று அழைக்கப்படும் மூத்த துணைவர். சில வருடங்களாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர், புதியவருக்குத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, தேவையான நேரத்தில் கதைப்பார். காசு வாங்குவதில்லை. குடிவரவு விடயங்களில் ஸ்பொன்சர் என்ற சொல்லுக்கு உள்ள கருத்து வேறு. குழம்ப வேண்டாம்.

காசுக் கணக்கு

எமது மக்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இதற்குப் பின்னால் யார்? காசு எங்கேயிருந்து வருகிறது?" என்பது. நியாயமான கேள்வி. பல பெயர்களில் பலர் எம்மிடம் காசு சேர்த்திருக்கிறார்கள். கணக்குக் காட்டியவர் குறைவு.

ஏ.ஏ.யில் கட்டணம் இல்லை. கூட்டத்தின் போது ஒரு சிறு பாத்திரம் சுற்றி வரும். முடிந்தவர்கள் ஒன்றோ இரண்டோ பவுண் போடுவார்கள். புதியவர் போடத் தேவையில்லை. அந்தக் காசில் மண்டப வாடகை, தேயிலை, பால், புத்தகங்கள் என்பவற்றுக்குக் கொடுத்து, மிஞ்சுவதில் ஒரு பகுதியை யோக்கிலுள்ள பொது அலுவலகத்துக்கும் தொலைபேசிச் சேவைக்கும் அனுப்புகிறார்கள். வெளியாரிடம் இருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் கொள்கை.

இந்தக் கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் செல்வந்தர் ஜோன் டி. ரொக்ஃபெல்லர் ஜூனியரிடம் உதவி கேட்டார்கள். கேட்டது 50,000 டொலர். அவர் 1938 இல் கொடுத்தது 5,000 டொலர். காசு அதிகம் சேர்ந்தால் இந்த முயற்சி கெட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். காலப்போக்கில் அங்கத்தவர்களும் அதையே முடிவாக எடுத்தார்கள்.

பிரித்தானியாவில் இதற்காக ஒரு சட்டமே இருக்கிறது. அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பாளர்கள், யாராவது உயில் எழுதி வைத்த காசை வேண்டாம் என்று தள்ளுவது இங்குள்ள சட்டப்படி இலகுவான காரியம் அல்ல. அதனால் வெளியார் தரும் காசை மறுக்கும் அதிகாரத்தை ஏ.ஏ.க்கு வழங்கி 1986 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றியது. காசு வேண்டும் என்று சட்டம் தேடுபவர்களைக் கணக்காளர்களாகிய நாம் நிறையவே கண்டிருக்கிறோம். காசு வேண்டாம் என்பதற்குச் சட்டம் கேட்டவர்கள் இவர்கள்.

முதலில் வைத்தியரிடம் போகவேண்டியவர்கள்

இந்தப் பகுதியை எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும். நாளாந்தம் அதிகம் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. காலையில் கை நடுங்குவது, வியர்ப்பது, ஓங்காளிப்பது, ஒரு மிடறு குடித்தால்தான் நடுக்கம் நிற்பது ஆகியவை உடல் மதுவுக்கு அடிமையாகிவிட்டதன் அறிகுறிகள். அப்படிப்பட்டவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். கோயிலில் சத்தியம் செய்துவிட்டு அன்றிரவே நிறுத்துவது எமது வழக்கம். சத்தியம் நல்லது. ஆனால் அதற்கு முன்பு வைத்தியரைப் பார்க்க வேண்டும். வலிப்போ, இல்லாததைக் காணும் மயக்கமோ வந்தால் 999 ஐ அழைக்க வேண்டும்.

குடும்ப வைத்தியர் மூலமாகவோ, நீங்கள் வாழும் கவுன்சிலின் மதுபானச் சிகிச்சை நிலையத்துக்கு நேரடியாகவோ போகலாம். சில நாட்களுக்கு மருந்து தந்து, அளவைக் குறைத்து, பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். தயமின் என்ற வைற்றமினும் கொடுப்பார்கள். பின்னர் குடி ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசாவோ அடையாளப் பத்திரமோ கட்டாயம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டியது என்.எச்.எஸ். இன் பொறுப்பு. பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தகப்பன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்று பத்து வயதுப் பிள்ளை வைத்தியருக்குச் சொல்லும் நிலை வரக்கூடாது.

அளவு பற்றியும் ஒரு சொல். இங்குள்ள சுகாதார ஆலோசனை, ஆணும் பெண்ணும் கிழமைக்கு 14 யுனிட்டுக்கு மேல் குடிக்காமல் இருப்பது நல்லது என்கிறது. ஒரு யுனிட் என்பது 10 மில்லிலீற்றர் சுத்தமான மதுசாரம். 40 வீத விஸ்கி 70 சென்ரிலீற்றர் போத்தலில் 28 யுனிட் இருக்கிறது. ஆகவே அரைப் போத்தலோடு ஒரு கிழமைக் கணக்கு முடிந்தது. சனி இரவு இருவர் சேர்ந்து ஒரு போத்தலை முடித்தால், அடுத்த ஆறு நாட்களும் தொடாமல் இருந்தால்தான் கணக்குச் சரி.

வாகனம் ஓட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். மதுவுக்கு அடிமையான நிலை வைத்தியரால் உறுதிசெய்யப்பட்டால் அதை டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டிய கடமை சாரதிக்கு உண்டு. ராக்ஸியும் விநியோக வாகனமும் ஓட்டிக் குடும்பம் நடத்தும் எம்மவர் இதற்குப் பயந்தே வைத்தியரிடம் போகாமல் விடுகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் அனுமதிப்பத்திரத்தோடு வேலையும் போகும். விபத்து நடந்தால் இன்னொருவரின் உயிரும் போகலாம். ஆகவே வைத்தியரிடமே இதை வெளிப்படையாகக் கேட்டு, நிறுத்துவதற்கு வழி தேடுவதுதான் புத்தி.

இன்னொரு விடயம் யுத்தம். சிறையிலோ முகாமிலோ சித்திரவதைப்பட்டவர், ஷெல்லடியில் பிள்ளையை இழந்தவர், இரவில் நித்திரை வருவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருக்கலாம். போத்தலை எடுத்துவிட்டால் அந்தக் காட்சிகள் திரும்பி வரும். மீட்புக் கூட்டம் அதற்கான சிகிச்சை அல்ல. அதற்கு மனநல வைத்தியம் வேண்டும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக 1985 இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'ஃப்றீடம் ஃப்றொம் ரோச்சர்' நிறுவனம் எமது மக்கள் பலருக்குச் சிகிச்சை அளித்திருக்கிறது. அங்கே அனுப்பி வைக்கும்படி வைத்தியரிடமோ சட்டத்தரணியிடமோ கேட்கலாம்.

எம்மவர் தயங்கும் காரணங்கள்

முதலாவது மானம். "ஆராவது கண்டால்?" என்பதே பயம். லண்டனில் எமது சமூகம் சின்னது. ஈஸ்ட் ஹாமில் தும்மினால் ஹரோவில் கேட்கும். ஆனால் அந்த அறையில் உங்களைக் காணும் ஒருவர், தானும் அதே காரணத்துக்காகவே அங்கே வந்திருப்பார். அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே கொண்டு போவதில்லை என்பது அடிப்படை ஒழுங்கு. அப்படியிருந்தும் மனம் ஒப்பாவிட்டால் ஊர் மாறிப் போகலாம். ரூட்டிங்கில் இருப்பவர் ஹரோவுக்கும், வெம்பிளியில் இருப்பவர் குறொய்டனுக்கும் போவதை யார் தடுக்கிறார்கள்? ஒரு ரயில் ரிக்கற் காசுதான்.

இரண்டாவது சமயம். பெரும்பாலான கூட்டங்கள் தேவாலய மண்டபங்களில் நடப்பதால் "மதம் மாற்றப் போகிறார்களோ" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த மண்டபங்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. அவ்வளவுதான் தொடர்பு. ஏ.ஏ. ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் செல்வாக்கில் தொடங்கியது உண்மை. 1930களின் இறுதிக்குள் அதிலிருந்து பிரிந்துவிட்டது. படிகளில் கடவுள் என்ற சொல் வரும். ஆனால் அவரவர் விளங்கிக்கொண்டபடி என்ற விளக்கத்தோடு வரும். முருகன் என்று வைத்துக்கொள்பவர் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டமே எனக்குப் பலம் என்று நினைப்பவர் அப்படியே நினைக்கலாம். கடவுட் பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு 'ஸ்மாட் ரிக்கவரி' என்ற வேறு அமைப்பின் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே படிகள் இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றும் பயிற்சிகள் உண்டு.

மூன்றாவது மொழி. பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் வேலை செய்யப் போதுமான ஆங்கிலம், மனதில் கிடப்பதைச் சொல்லப் போதாது. இது உண்மையான தடை. ஆனால் கேட்பதற்கு அவ்வளவு ஆங்கிலம் தேவையில்லை. முதல் சில கிழமைகள் கேட்பதுதான் வேலை. போலந்துக்காரர் லண்டனில் தமது மொழியிலேயே கூட்டங்கள் நடத்துகிறார்கள். எமக்கும் வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறோம்.

நான்காவது, "இது வேலை செய்யுமா?" என்ற சந்தேகம். 2020 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. ஏ.ஏ.யோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்தின் பின் முற்றாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 வீதம். மற்றச் சிகிச்சைகளில் 35 வீதம். இந்த எண்களை இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். இது மற்றவற்றை விடக் குறைந்தது அல்ல. ஆனால் பாதிப்பேருக்கு மேல் அந்த வருடத்தில் ஒரு தடவையாவது சறுக்கியிருக்கிறார்கள். ஆகவே சறுக்கியவரை "நீ உருப்பட மாட்டாய்" என்று துரத்தக் கூடாது. திரும்பிப் போனால் கூட்டத்தில் எவரும் துரத்துவதில்லை.

ஓர் இடத்தோடு நிற்க வேண்டாம்

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் இதெல்லாம் எமக்குச் சரிவராது என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு குணம். நகரின் நடுவில் மதிய நேரத்தில் நடப்பதில் கோட்டும் ரையும் போட்டவர்கள் இருப்பார்கள். இரவுக் கூட்டத்தில் கட்டட வேலை முடித்து வந்தவர்கள் இருப்பார்கள். ஆறு வேறு வேறு கூட்டங்களுக்காவது போய்ப் பார்த்து, மனம் ஒட்டிய ஒன்றை 'வீட்டுக் குழு'வாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேநீர் ஊற்றும் பொறுப்பையோ கதிரை அடுக்கும் பொறுப்பையோ எடுங்கள். பொறுப்பு இருந்தால் மழையென்றாலும் போகவேண்டி வரும்.

பயணங்கள் தனியான ஆபத்து. ரொறன்ரோவில் கலியாணம், பாரிஸில் பிறந்தநாள், பதினைந்து வருடத்துக்குப் பின் யாழ்ப்பாணப் பயணம் என்று வெளிக்கிட்டால் சொந்தக்காரர் போத்தலோடுதான் வரவேற்பார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதே போகும் ஊரில் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று பார்த்து வைப்பது பழகியவர்களின் வழக்கம். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கொழும்பிலும் சென்னையிலும் கூட்டங்கள் உண்டு. அந்த அறைக்குள் போனால் கதிரைகளும் பேச்சும் லண்டனில் போலவே இருக்கும். ஊர் புதிது என்ற உணர்வு கால் மணித்தியாலத்தில் போய்விடும்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தகவல். கணவரைக் குடிக்குப் பலிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980 இல் அங்கே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் அதன் சிகிச்சை நிலையம் குடிநோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் சேர்த்தே தமிழில் சிகிச்சை தருகிறது. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, ஊர்மக்களின் ஆதரவோடு சிகிச்சை நடத்தியதும் அதுவே. 1992 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடிப்பழக்கம் ஒழுக்கக் கேடு அல்ல, நோய் என்பதைத் தமிழில் நிலைநிறுத்தியதில் அந்த நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

2020 கொரோனாக் காலத்துக்குப் பின் சூம் வழியான கூட்டங்கள் பெருகிவிட்டன. தமிழில் கேட்க விரும்புபவர் லண்டனில் இருந்தபடியே தமிழ்நாட்டுக் கூட்டங்களைத் தேடிச் சேரலாம். நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். சென்னையில் இரவு 7.30 என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2 மணி, கோடையில் 3 மணி. இரவு வேலைக்காரருக்கு அது வசதியான நேரம். ஆனாலும் திரையோடு மட்டும் நின்றுவிடாமல் கிழமைக்கு ஒரு தடவையாவது நேரில் போவது நல்லது. திரையில் கமெராவை நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்ள முடியும். நேரில் அது முடியாது.

வீட்டார் எங்கே போவது

குடிப்பவரின் மனைவி, கணவன், தாய் தகப்பன் ஆகியோருக்காக 1951 இல் தொடங்கப்பட்டது அல்-அனோன். குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அங்கே போகலாம். போத்தலை ஒளிப்பது, வேலைத்தலத்துக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, கடனைத் தெரியாமல் அடைப்பது என்று வருடக்கணக்காக ஓடிக் களைத்தவர்கள் அங்கே இருப்பார்கள். பிள்ளைகளுக்கு 'நகோவா' என்ற அமைப்பு உண்டு. வளர்ந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அதனுடன் கதைக்கலாம்.

கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. எம்மவர் பலரின் பிழைப்பே மது விற்கும் ஓஃப் லைசென்ஸ் கடைதான். விட்டவர் நாள் முழுதும் போத்தல்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். கணக்கு எழுதும்போது கொள்வனவுக்கும் விற்பனைக்கும் இடையில் மதுபானப் பகுதியில் மட்டும் இலாபம் குறைந்து போனால், ஒன்றில் களவு, அல்லது சொந்தப் பாவனை. முதலாளி அடையாளம் காட்டாவிட்டாலும் கணக்கு காட்டிவிடும். அப்படியான வீட்டில் முதல் மாதங்களிலாவது மதுபானக் கட்டளை போடுவதையும் தட்டு அடுக்குவதையும் இன்னொருவர் பொறுப்பெடுப்பது பெரிய உதவி.

அடி உதை உள்ள வீடு வேறு. கணவர் கூட்டத்துக்குப் போகிறார் என்பதற்காக மனைவி அடியைப் பொறுத்திருக்கத் தேவையில்லை. குடி நின்ற பின்னும் அடி தொடர்ந்த வீடுகள் உண்டு. அதற்கு உதவி எண் தனியாக இருக்கிறது.

தொடர்பு எண்கள்

ஏ.ஏ.: 0800 9177 650. மதுபானம் பற்றிய அரச ஆலோசனைச் சேவையான டிரிங்க்லைன்: 0300 123 1110. அல்-அனோன்: 0800 0086 811. பிள்ளைகளுக்கு நகோவா: 0800 358 3456. போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களுக்கு நாகோட்டிக்ஸ் அனோனிமஸ்: 0300 999 1212. வீட்டு வன்முறை: 0808 2000 247. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் சமாரிற்றன்ஸ்: 116 123, எந்த நேரமும். உயிராபத்துக்கு 999.

தமிழில் ஓர் அறை

2018 இல் பிபிசிக்காக எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் பிரித்தானியச் சீக்கியரில் 27 வீதத்தினர் தமது குடும்பத்தில் ஒருவருக்குக் குடிப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். அதை வெளியே சொல்ல அந்தச் சமூகத்திலும் வெட்கம் குறைவில்லை. ஆனாலும் பஞ்சாபி மொழியில் பேசும் உதவிக் குழுக்களை அவர்களே உருவாக்கியிருக்கிறார்கள். குருத்துவாராவில் இது பற்றிப் பேசுகிறார்கள்.

எமக்கும் இது முடியும். குடியை நிறுத்தும் நோக்கோடு இரண்டு மூன்று பேர் கூடினாலே அதை ஒரு குழுவாக ஏ.ஏ. ஏற்றுக்கொள்கிறது. மேலிடத்து அனுமதியோ தலைவர் செயலாளர் தெரிவோ தேவையில்லை. இப்போது ஆங்கிலக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் இரண்டு தமிழர் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டால் போதும்.

கோயில் பரிபாலன சபைகளிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் தமிழ்ப் பாடசாலைகளிடமும் எமது வேண்டுகோள் ஒன்றுதான். அப்படி யாராவது வந்து கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒரு சிறிய அறை கேட்டால் கொடுங்கள். இலவசமாகக் கொடுக்க வேண்டாம், அவர்கள் வாடகை தருவார்கள். பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். திறப்புவிழா வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், யார் வந்து போகிறார் என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள். கேத்தில் ஒன்றும் பத்துக் கதிரைகளும் பூட்டக்கூடிய கதவும் இருந்தால் போதும்.